மாணிக்கவல்லி அறுத்த குளிர்

அந்த வருஷம் சித்திரையில், திருச்சி நகரமே தோசைக்கல்லாகக் காய்ந்து கிடக்க, ரோட்டில் தார் இளகிச் செருப்பைப் பிடித்து இழுக்க, காந்தி மார்க்கெட்டில் தர்பூசணி விற்கிறவர்கள்கூட வாயைத் திறக்கச் சோம்பிப்போய்ச் சைகையிலேயே வியாபாரம் பண்ணிக்கொண்டிருக்க, அலங்கார மாதா நகர்க் குடியிருப்பின் சி பிளாக் மேல் மாடியில் மட்டும் தேங்காய் எண்ணெய் பாட்டிலுக்குள்ளேயே உறைந்துபோய், தலைக்குத் தடவ வேண்டுமென்றால் அதை அடுப்புப் பக்கத்தில் வைத்து இளக்க வேண்டியிருந்தது. நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். உறைந்த எண்ணெய்க்கு அதனால் ஒரு நஷ்டமும் இல்லை. எப்படி உறைந்தது என்று கேட்டால் அந்த பிளாக்கில் யாரும் கண்ணை அகல விரித்துக் கதை சொல்ல மாட்டார்கள். "மாணிக்கவல்லி அக்கா கீரை அறுத்துச்சு, அதான்" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் பிடிக்கப் போய்விடுவார்கள்.

மாணிக்கவல்லி ஒரு கல்யாண சமையல் காண்டிராக்டரிடம் காய் நறுக்குகிறவள். அவள் புருஷன் செல்லமுத்து லாரிப் பட்டறையில் பெயின்ட் அடிக்கிறவர், பேசினால் பெயின்ட் செலவாகிவிடும் என்பதுபோல வாயைக் கட்டிப்போட்டவர். ஒரே மகள் பிரமிளா, தஞ்சாவூரில் வாழ்க்கைப்பட்டவள், அப்போது வாயும் வயிறுமாக இருந்தாள். வீடு மேல் மாடி. மேல் மாடி வீடு என்றால் தலைக்கு மேல் மொட்டை மாடி, அதற்கு மேல் சூரியன், நடுவில் தட்டிக்கேட்க ஒருத்தரும் கிடையாது. மாசியிலேயே சுவர் சுடத் தொடங்கினால் ஆடிக் காற்று வந்துதான் ஆறும்.

தலைப்பிரசவத்துக்கு மகளைக் கூட்டி வருவது தாய்வீட்டுப் பாடு, பெருமை, உரிமை எல்லாம். அதில்தான் சம்பந்தியம்மா விசாலம் ஒரே போடாகப் போட்டாள். கெட்ட மனுஷி இல்லை, மனசில் உள்ளதை உள்ளபடி வாயில் வைத்திருப்பவள், அவ்வளவுதான்.

"உங்க வீட்டை நான் குறை சொல்லல சம்பந்தி" என்றாள் போனில். "போன வருஷம் வந்தப்போ செருப்பக் கழட்டிட்டுத் தரையில காலை வெச்சேன் பாருங்க, அப்பளமாப் பொரிஞ்சு போச்சு. அந்த அடுப்புலயா புள்ளத்தாச்சியக் கொண்டாந்து வெக்கறது? இங்க ரூம்ல ஏ.சி. இருக்கு. வளைகாப்பை வேணா உங்க வீட்டுல வெச்சுக்கலாம். பிரசவம் இங்கயே இருக்கட்டும். நீங்க வந்து பாத்துட்டுப் போங்க."

வந்து பாத்துட்டுப் போங்க. அந்த வார்த்தை மாணிக்கவல்லியின் நெஞ்சில் மீன் முள்ளாகக் குத்திக்கொண்டு நின்றது. ஏனென்றால் பிரமிளா வயிற்றில் இருந்தபோது மாணிக்கவல்லியை அவளைப் பெற்றவள் கூட்டிக்கொண்டு போய், ஊட்டிவிட்டு, தலைவாரிவிட்டு, குழந்தை பிறந்தபின் நாற்பது நாள் தரையில் கால் படாமல் பார்த்துக்கொண்டாள். அதற்குப் பிறகு மாணிக்கவல்லி பெண்டாட்டியாக இருந்தாள், தாயாக இருந்தாள், வேலைக்காரியாக இருந்தாள், ஒருத்திக்கு மகளாக மட்டும் அப்படி இருக்க வாய்க்கவில்லை. அந்த நாட்களைத் தன் மகளுக்குக் கொடுக்காமல் போய்ச் சேர்ந்துவிடுவோமோ என்று பயந்தாள். பிரமிளா வேறு அன்றைக்குச் சாயங்காலம் போன் போட்டு, மாமியார் காதில் விழாதபடி, "எப்படியாச்சும் கூட்டிட்டுப் போயிடும்மா" என்று கிசுகிசுத்தாள்.

எப்படியாச்சும் என்றால் எப்படி? மேல் மாடியைக் கழற்றிக் கீழே வைக்க முடியுமா, சூரியனிடம் போய் மனு கொடுக்க முடியுமா? மாணிக்கவல்லிக்கு ஒன்றும் தோன்றவில்லை. கையைப் பிசைந்துகொண்டு வேலைக்குப் போனாள்.

இப்போதெல்லாம் கல்யாணத்தில் சாலட் கவுண்டர் இல்லாவிட்டால் மாப்பிள்ளை வீட்டார் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அந்தக் கவுண்டரில் வெள்ளரியும் கேரட்டும் உட்காருவதற்குப் பாய் விரித்தாற்போல ஓர் இலையைப் பரப்புவார்கள். லெட்டூஸ் என்று பேர். மலையிலிருந்து லாரி ஏறிக் குலுங்கிக் குலுங்கி வந்து, பாய் வேலை பார்த்துவிட்டு, ஒருத்தர் வாயிலும் படாமல் எச்சில் இலையோடு குப்பைக்குப் போகும். மாணிக்கவல்லி ஒருநாள் பாவம் பார்த்து ஒன்றைக் கழுவித் தின்றாள். மொறுமொறுவென்று தண்ணீராக, கடைசியில் துளி கசப்போடு நன்றாகத்தான் இருந்தது. காண்டிராக்டர் அதைத் தானே வளர்த்துவிடலாம் என்று ஆசைப்பட்டு விதை வாங்கி, ஒன்றும் முளைக்காமல், மிச்சத்தை மேஜையில் வீசியிருந்தார். "திருச்சி வெயிலுக்கு இது வராது, தூக்கிப் போடு" என்றார். தூக்கிப் போடச் சொன்னதை அவள் முந்தானையில் முடிந்துகொண்டாள்.

செல்லமுத்து பட்டறையிலிருந்து காலி பெயின்ட் வாளிகளைக் கொண்டுவந்து, சுரண்டிக் கழுவி, அடியில் பழுக்கக் காய்ச்சிய கம்பியால் ஓட்டை போட்டுக் கொடுத்தார். எதற்கு என்று கேட்கவில்லை. அவள் வண்டல் மண்ணும் எருவும் தேங்காய் நார்க்கழிவும் கலந்து நிரப்பி, சிறுகீரைக்குச் செய்வதுபோல விதையை மணலில் கலந்து தூவி, மேலே நன்றாக மண்ணைப் போட்டு மூடி, அமுக்கி, தண்ணீர் தெளித்துக் காத்திருந்தாள். ஒரு புல்கூட எட்டிப் பார்க்கவில்லை.

அவள் விடவில்லை. மிச்ச விதையை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, பெண் பார்க்கப் போன வீட்டில் பேசுகிற மாதிரி பேசினாள். "நீ குளிர்ச்சியான ஊர்ப் பொண்ணு. எங்க ஊரு உனக்கு ஒத்துக்கலை. சரி, உன்மேல தப்பில்ல. நிழல் தர்றேன், ஈரம் தர்றேன், ஒருநாளும் கடிஞ்சு ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். வந்துதான் பாரேன்" என்றாள். ஈரத்துணியில் முடிந்து தண்ணீர்ப் பானைக்கு அடியில் இருந்த குளிர்ந்த மணலில் வைத்தாள். மறுநாள் அவசரமாக வேலைக்குக் கிளம்புகிற நேரத்தில், மூடுவதற்கு மண் தீர்ந்துபோயிருக்க, விதையைச் சும்மா மேலாகத் தூவி, குழந்தை முதுகைத் தட்டுவதுபோல உள்ளங்கையால் தட்டிவிட்டுப் போய்விட்டாள். அந்தக் கீரைக்கு வேண்டியிருந்தது அதுதான். மூடினால் அதற்கு மூச்சு முட்டும். வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டுதான் அது கண்ணைத் திறக்கும். சில நாளில் வாளி வாளியாகப் பச்சைப் பொடி தூவினாற்போல முளைத்து நின்றது.

அப்புறம் என்ன, நெருக்கமாக இருந்ததைக் களைந்து, காலை வெயில் மட்டும் படும்படி மாடிப்படித் திருப்பத்தில் வாளிகளை வரிசையாக வைத்து, செல்லமுத்துவின் பழைய வேட்டியைப் பந்தலாகக் கட்டி, காலையும் மாலையும் கையால் தண்ணீர் தெளித்து வளர்த்தாள்; கட்டிய புருஷனைக்கூட அப்படிக் கவனித்திருக்க மாட்டாள். இலை வளர்ந்து ஓரமெல்லாம் சுருக்கு வைத்துச் சுருண்டது. எதிர்வீட்டுத் தையல்காரி மைமூன் பார்த்ததும், "பாவாடைக்கு ஃபிரில் வெச்ச மாதிரில்ல இருக்கு!" என்றாள். அன்றையிலிருந்து அதற்கு ஃபிரில் கீரை என்றே பேர் விழுந்துவிட்டது.

வளைகாப்புக்கு முன்பு ஒரு மத்தியானம் முதல் அறுப்பு. வேரோடு பிடுங்கத்தான் முதலில் கை போனது. இவ்வளவு கெஞ்சிக் கூத்தாடி வரவழைத்ததைப் பிடுங்க மனசு வரவில்லை. மைமூனிடம் கத்தரிக்கோலை வாங்கி வந்து, நடுக் குருத்தை விட்டுவிட்டு, வெளி இலைகளை மட்டும் மண்ணுக்கு மேலே இரண்டு விரல் உயரம் விட்டு நறுக்கினாள். நறுக்கிய இடத்தில் பால் சொட்டியது. பால் சொட்டிய இடத்திலிருந்து குளிர் வந்தது.

முதலில் அவள் விரல் நுனி சில்லிட்டது, பிறகு மணிக்கட்டு, பிறகு படிக்கட்டுத் திருப்பம், பிறகு வீட்டுக்குள் அது தானே வழி தெரிந்தவர்போல நுழைந்து, கட்டிலுக்கு அடியில் போய், சமையற்கட்டைச் சுற்றி வந்து, சுவரெல்லாம் தடவிக்கொடுத்து, மார்கழி விடியலில் கோயில் மைக் போடுகிற நேரத்துக் குளிராக நிலைத்து நின்றது. சாப்பிட வந்த செல்லமுத்து வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுக் கொஞ்சம் நின்றார்.

"போர்வை எங்க இருக்கு?" என்றார்.

"பரண்மேல. கீரை அறுத்தேங்க" என்றாள்.

"அப்படியா" என்று சொல்லி, ஸ்டூல் போட்டுப் போர்வையை எடுத்துப் போர்த்திக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தார்.

அறுத்த இடத்தில் புது இலை விரல் நீளம் வளரும்வரை குளிர் இருந்தது. வளர்ந்ததும் குறைந்தது. மறுபடி அறுத்தாள், மறுபடி வந்தது. அதற்குமேல் அதில் ஆராய்வதற்கு ஒன்றுமில்லை; ஆராய அந்த பிளாக்கில் யாருக்கும் நேரமும் இல்லை. ஏனென்றால் குளிருக்குக் கதவு தெரியாது. அது தண்ணீர் மாதிரிப் படிப்படியாக இறங்கி, மூன்றாம் மாடி, இரண்டாம் மாடி, தரைத்தளம் வரை போய், சைக்கிள் நிறுத்துகிற இடத்தில் தேங்கியது. முதல்நாளே அங்கே தெருநாய்கள் வந்து படுத்துக்கொண்டன, அடுத்த நாள் இஸ்திரிக்காரர் தள்ளுவண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினார், அதற்கடுத்த நாள் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள் பாயோடு வந்து படிக்கட்டை அடைத்துக்கொண்டார்கள், வேர்க்குரு வந்த கைக்குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு பக்கத்து பிளாக் தாய்மார்கள் வந்தார்கள், பூக்கட்டுகிற பெண்கள் மல்லிகைக் கூடையைக் கொண்டுவந்து வைத்தார்கள். மொட்டு சாயங்காலம்வரை மொட்டாகவே இருந்தது.

குறை சொன்னவர்களும் உண்டு, இல்லாமல் ஊர் உண்டா? இட்லிமாவு புளிக்க மாட்டேன் என்று அடம்பிடித்தது. அரைத்த மாவைத் தூக்குச்சட்டியில் போட்டு வெயில் இருக்கிற அடுத்த பிளாக்குக்கு அனுப்பி, புளித்ததும் திரும்பக் கொண்டுவந்தார்கள். அங்கே பாலைத் திரியாமல் வைக்க வழியில்லாததால் பால் இங்கே வந்தது. மாவு போகும், பால் வரும். இப்படிப் போய் வந்ததில் தண்ணீர்க் குழாய்ச் சண்டையில் பேச்சை நிறுத்தியிருந்த இரண்டு பிளாக்கும் தங்களை அறியாமல் பேச ஆரம்பித்துவிட்டன. சங்கச் செயலாளர் லூர்துசாமி, ரயில்வேயில் வேலை பார்த்தவர், விசில் இல்லாமல் எதையும் நடத்தத் தெரியாதவர், அறுப்பு நாளன்று தரைத்தளத்தில் நின்று ஒரு விசில் ஊதுவார். உடனே நாலு மாடியிலும் போர்வை உதறுகிற சத்தம் கேட்கும்.

அறுத்த இலையைத் தின்னவும் கற்றுக்கொண்டார்கள். கடைந்து பார்த்தார்கள், தண்ணீராகப் போனது. கூட்டு வைத்துப் பார்த்தார்கள், கீரையையே காணோம். கடைசியில் செல்லமுத்துதான், ஒன்றும் சொல்லாமல், பச்சை இலையில் பருப்புத் துவையல் சோற்றை வைத்து வெற்றிலை மாதிரி மடித்து வாயில் போட்டுக்கொண்டார். அந்த மடிப்பு பிளாக் முழுக்கப் பரவியது.

வளைகாப்பு அன்றைக்கு விசாலம் கைக்குட்டையும் விசிறியும் தயாராக, மாடி ஏறத் தொடங்கும்போதே முகத்தில் ஒரு வெற்றிச் சிரிப்போடு வந்தாள். இரண்டாம் மாடியில் விசிறியை மடக்கினாள். மூன்றாம் மாடியில் முந்தானையை இழுத்துப் போர்த்தினாள். மேல் மாடி வாசலில் செருப்பைக் கழற்றி, தயங்கித் தயங்கிக் காலைத் தரையில் வைத்து, உடனே எடுத்துவிட்டாள்.

"என்னங்க சம்பந்தி, தரை இப்படி ஜில்லுனு இருக்கு?"

"கீரை அறுத்தோம் சம்பந்தி. நீங்க உள்ள வாங்க, சால்வை தர்றேன்."

பிரமிளா சிரித்தாள். ஊர்ப் பெண்களெல்லாம் வளையல் அடுக்கி, சந்தனம் பூசி, ஏழு சாதமும் பரிமாறி, சால்வை போர்த்திய விசாலம் இரண்டாவது டம்ளர் காபி வாங்கிக் குடித்துவிட்டு, "சரி, புள்ள இங்கயே இருக்கட்டும். ஆனா ஒண்ணு, மறுபடி சூடு வந்துச்சுன்னா அன்னைக்கே வண்டிய அனுப்பிக் கூட்டிட்டுப் போயிடுவேன்" என்றாள். மாணிக்கவல்லிக்கு வயிற்றில் பால் வார்த்தாற்போல இருந்தது. அன்று சாயங்காலம் மகள் தலையை மடியில் வைத்து, உறைந்த எண்ணெயை உள்ளங்கைச் சூட்டில் இளக்கித் தடவியபோது, யாருக்கு நன்றி சொல்வது என்று தெரியாமல் மாடிப்படித் திருப்பத்தைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டாள்.

அக்கினி நட்சத்திரம் பிறந்தது. ஊர் வெந்தது, சி பிளாக் போர்த்திக்கொண்டு தூங்கியது. பிரமிளாவுக்கு நாள் நெருங்கியது. அப்போதுதான், முகூர்த்தம் ஒன்றுக்குக் காய் நறுக்க மாணிக்கவல்லி போயிருந்த நாளில், மருமகளைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று முறுக்கும் அதிரசமுமாக விசாலம் வந்து இறங்கினாள்.

பிரமிளா அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள். விசாலத்துக்குச் சும்மா உட்காரத் தெரியாது. இந்த பிளாக்கே தன் மருமகளைத் தாங்குகிறதே, பதிலுக்கு நாமும் ஏதாவது செய்ய வேண்டாமா என்று அவளுக்குத் தோன்றியது. வாளிகளைப் பார்த்தாள். அவள் பிறந்து வளர்ந்த பக்கத்தில் கீரை என்றால் வேரோடு பிடுங்கி, வாய்க்காலில் அலசி, வாழைநாரால் கட்டிக் கொடுப்பதுதான் மரியாதை. நுனியை மட்டும் கிள்ளிக் கொடுத்தால் கஞ்சத்தனம் என்பார்கள். விசாலம் மனசு நிறைய சந்தோஷத்தோடு, ஒரு செடி விடாமல், எல்லா வாளியையும் வேரோடு பிடுங்கினாள். குழாயில் மண் போக அலசினாள். கட்டுக் கட்டாகக் கட்டினாள். ஒவ்வொரு கதவாகத் தட்டி, "எங்க வீட்டுப் புள்ளைய உங்க புள்ளையாப் பாத்துக்கறீங்க, நல்லா இருக்கணும்" என்று சொல்லி ஒவ்வொரு கட்டாகக் கொடுத்துவிட்டு வந்தாள். வாங்கியவர்கள் கையில் கட்டைப் பிடித்தபடி நின்றார்கள். சம்பந்தியம்மாவிடம் என்னவென்று சொல்வது?

இருந்த குளிர் முழுக்க ஒரே மூச்சில் வெளியே வந்தது. படிக்கட்டில் பேசினால் வாயிலிருந்து புகை வந்தது. தண்ணீர்ப் பானையில் பாலாடை மாதிரி ஐஸ் ஏடு படிந்தது. வேலை முடிந்து வந்த மாணிக்கவல்லி தரைத்தளத்திலேயே பல் கிட்டித்துப்போய், ஏதோ ஆகிவிட்டது என்று தெரிந்துகொண்டு, சேலையைத் தூக்கிச் செருகி ஓடி ஏறினாள். வாளிகளில் வெறும் மண்.

"எல்லாருக்கும் கொடுத்துட்டேன் சம்பந்தி!" என்றாள் விசாலம், முகமெல்லாம் பூரித்து.

மாணிக்கவல்லி படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். கோபம் தொண்டைவரை வந்தது. எதிரில் நின்றவள் முகத்தைப் பார்த்ததும் அங்கேயே நின்றுவிட்டது. "வேரை எடுத்துட்டா குளிர் இன்னைக்கோட முடிஞ்சுது சம்பந்தி" என்று மட்டும் சொன்னாள். விசாலத்தின் முகம் செத்துப்போயிற்று.

மறுநாள் காலை வெயில் வட்டியும் முதலுமாக வந்தது. சுவர் கொதித்தது, மின்விசிறி அனலை அள்ளிக் கொட்டியது, பிரமிளாவின் கால் வீங்கி, மூச்சு வாங்கியது. விசாலம் ராத்திரி தஞ்சாவூர் போகாமல் அங்கேயே தங்கியிருந்தாள். மருமகளின் காலை மடியில் வைத்துப் பிடித்துவிட்டுக்கொண்டே அழுதாள்.

"என் தப்புதான் சம்பந்தி, ஒத்துக்கறேன். அதுக்காகப் புள்ளைய வேக விட முடியுமா? தினகரை வண்டி எடுத்துக்கிட்டு வரச் சொல்லிட்டேன்."

தினகர் மாப்பிள்ளை. மாணிக்கவல்லி பரண்மேலிருந்து பையை இறக்கினாள். மகளின் துணிகளை மடித்துப் பைக்குள் வைத்தாள். ஒன்றை மடித்து வைப்பாள், எடுத்து உதறி மறுபடி மடிப்பாள். பிரமிளா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அப்போது மைமூன் உள்ளே வந்தாள். கையில் ஒரு சொம்பு, சொம்புக்குள் தண்ணீர், தண்ணீருக்குள் வேரை நனைத்துக்கொண்டு ஒரு கட்டு ஃபிரில் கீரை.

"அக்கா, நேத்தே ஆஞ்சு வைக்கலாம்னுதான் உக்காந்தேன். கை ஓடல. வேரோட இருந்துச்சா, நம்ம வழக்கமா கீரை வாடாம வைக்கிற மாதிரி தண்ணில நிக்க வெச்சேன். பாரு, குருத்து இன்னும் நிமிந்துதான் இருக்கு."

மாணிக்கவல்லி வாங்குவதற்குள் வாசலில் அடுத்த நிழல். மூன்றாம் மாடியிலிருந்து ஒரு டம்ளர். இரண்டாம் மாடியிலிருந்து ஒரு குண்டான், ஒரு ஊறுகாய் ஜாடி, ஒரு குழந்தையின் தண்ணீர் பாட்டில். லூர்துசாமி விசிலைச் சட்டைப்பைக்குள் போட்டுவிட்டு ஒரு வாளியை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, மாதா கோயில் பூசையில் நன்மை வாங்கப் போகிறவர்போல வந்தார். ஒருத்தர்கூடத் தின்னவில்லை. யாரும் யாரிடமும் கேட்டுக்கொள்ளவுமில்லை. தரைத்தளத்து ராயப்பன் மட்டும் கடைந்து சாப்பிட்டுவிட்டானாம். வெறுங்கையோடு வர வெட்கப்பட்டு, ஒரு ஐஸ் பாளத்தைக் கோணியில் சுற்றித் தோளில் தூக்கி, படியெல்லாம் சொட்டச் சொட்ட வந்து சேர்ந்தான்.

கட்டிலைச் சுற்றிச் சொம்பும் டம்ளரும் ஜாடியுமாக அடுக்கி வைத்தார்கள். மாணிக்கவல்லி கத்தரிக்கோலை எடுத்தாள். "தாயே, பிடுங்கினதை மன்னிச்சுக்க, தெரியாமச் செஞ்சது" என்று விசாலத்துக்காகவும் சேர்த்து வேண்டிக்கொண்டு, ஒவ்வொன்றிலும் வெளி இலை ஒன்றை மட்டும் நறுக்கினாள். பால் சொட்டியது. சொம்பிலிருந்து சொம்பளவு குளிர் வந்தது. டம்ளரிலிருந்து டம்ளரளவு வந்தது. எல்லாம் சேர்ந்து ஒரு கட்டிலளவு குளிர், அதற்கு ஒரு விரற்கடைகூட அதிகமில்லை. பிரமிளா பெருமூச்சு விட்டுத் திரும்பிப் படுத்துக் கண்ணை மூடினாள்.

கொண்டுவந்தவர்கள் அவரவர் கொதிக்கிற வீட்டுக்கு இறங்கிப் போனார்கள். அவர்களுக்கு ஒரு துளி குளிர்கூட மிச்சமில்லை. அதை ஒருவரும் வாய்விட்டுச் சொல்லவும் இல்லை. கட்டிலுக்கு வெளியே, வெயிலில், வியர்த்து வழிய நின்றுகொண்டு விசாலம் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு மகனுக்குப் போன் போட்டு, வர வேண்டாம் என்றாள்.

தினமும் ஒவ்வோர் இலையாக நறுக்கினார்கள். தண்ணீரில் நின்ற வேர் எத்தனை நாளைக்குத் தாங்கும்? தாங்கியவரை தாங்கியது. பிரமிளாவுக்கு வலி எடுத்த அன்று காலை கடைசி ஜாடியில் கடைசி வெளி இலை இருந்தது. ஆஸ்பத்திரியில் சாயங்காலம் பெண் குழந்தை பிறந்தது. லூர்துசாமி மாடியில் நின்று ஊதிய விசில் ரயிலே வந்துவிட்டதோ என்று நினைக்கும்படி நீளமாக இருந்தது.

குழந்தையை வீட்டுக்குக் கூட்டிவரும் நாளுக்குள் கீரை முடிந்துபோனது. குருத்து நெட்டுக்குத்தாக வளர்ந்து உச்சியில் சின்னச் சின்னதாக மஞ்சள் பூ விட்டது. மாணிக்கவல்லி ஓர் இலையை நறுக்கிப் பார்த்தாள். பால் வந்தது, குளிர் வரவில்லை. நாக்கில் வைத்தாள், எட்டியாகக் கசந்தது. அவளுக்கு அழத் தோன்றவில்லை. அந்தப் பூவைக் கன்னத்தோடு வைத்துக்கொண்டு, "இத்தனை நாள் கொடுத்தியே, போதும்டி ராசாத்தி. யாரும் கொடுக்காததைக் கொடுத்தே" என்றாள். மனசார நன்றி சொன்னாள்.

ஆஸ்பத்திரி வாசலில் தினகர் வண்டியோடு நின்றான். உள்ளே ஏ.சி. ஓடிக்கொண்டிருந்தது. விசாலம் குழந்தையை மடியில் வாங்கிக்கொண்டு கேட்டாள்:

"கீரை எப்படி இருக்கு சம்பந்தி?"

இருக்கிறது என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. அந்தக் கசப்பு இன்னும் அங்கேயே இருந்ததோ என்னவோ, வரவில்லை.

"பூத்துடுச்சு சம்பந்தி. இனிமே குளிர் வராது. வீடு சுடத்தான் செய்யும்."

விசாலம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "பிரமிளா துணிமணி எடுக்கணும்ல" என்றாள். "மாடி ஏறி எடுத்துக்கிட்டு அப்படியே தஞ்சாவூர் போயிடலாம்." மாணிக்கவல்லி வழி முழுக்க மகள் கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள்.

ஆரத்தி எடுத்து உள்ளே போனார்கள். பிளாக்கில் உள்ளவர்கள் விடியற்காலையிலிருந்தே மொட்டை மாடியில் தென்னங்கீற்றைப் பரப்பி, குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி, ஜன்னலுக்கெல்லாம் ஈரவேட்டி கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். கீற்றிலிருந்து இன்னும் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அப்படியும் வீடு சுட்டது. உண்மையைச் சொன்னால் நன்றாகவே சுட்டது. பாயில் போட்ட குழந்தை மூக்கு நுனியில் முத்து முத்தாக வியர்த்துக்கொண்டு, அதைப்பற்றி ஒரு கவலையும் இல்லாமல் தூங்கியது. பிரமிளா அம்மா மடியில் தலையை வைத்த மறுநிமிஷமே தூங்கிப்போனாள். மாணிக்கவல்லி மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மடியிலிருந்து அந்தத் தலையை எப்போது எடுக்கச் சொல்வார்களோ?

விசாலம் நின்றபடி இருவரையும் பார்த்தாள். முதுகில் ரவிக்கை நனைந்து ஒட்டியிருந்தது. மைமூன் வாசலில் ஒரு பனையோலை விசிறியோடு தயங்கி நின்றாள். விசாலம் அதைக் கேட்டு வாங்கி, சேலையைச் செருகிக்கொண்டு, குழந்தைக்குப் பக்கத்தில் வெறுந்தரையில் உட்கார்ந்து, விசிற ஆரம்பித்தாள்.

"என் தலைப்பிரசவத்துக்கு என்னைக் கூட்டிட்டுப் போக எங்க அம்மா உசுரோட இல்ல சம்பந்தி" என்றாள், யாரையும் பார்க்காமல். "வாசல்ல வண்டிச் சத்தம் கேக்கறப்பல்லாம் எட்டி எட்டிப் பாப்பேன். இவளுக்கு நீங்க இருக்கீங்க."

கீழேயிருந்து ஹாரன் சத்தம் வந்தது. தினகர்தான். விசாலம் விசிறியை மாணிக்கவல்லி கையில் கொடுத்துவிட்டு எழுந்து, மாடிக் கைப்பிடிச் சுவருக்கு மேல் எட்டிப் பார்த்தாள்.

"தினகரு, நீ வண்டிய எடுத்துக்கிட்டுப் போப்பா" என்று கத்தினாள். "நாங்க வரல."

மாணிக்கவல்லி மகள் தலையை மெல்லத் தலையணைக்கு மாற்றிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுக்களைக்குப் போய், உலையில் இன்னும் ஒரு பிடி அரிசி போட்டாள்.